தகரக் கூரை வீட்டுக்கு எந்தக் கிட்டார்? யமஹா சி40-உம் சிஜி122-உம்

குறைந்த விலையில் பிள்ளைக்கு ஒரு கிளாசிக்கல் கிட்டார் வேண்டும் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கேட்டால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு யமஹாவில்தான் வந்து நிற்கும். நாங்கள் வாங்கியது சி40. இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

கம்பி நீளம் இரண்டிலும் 650 மி.மீ., நட் (கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அகலம் 52 மி.மீ. விரல் பழகுவதில் வேறுபாடு இல்லை. சிஜி122-க்கு விலை கூடுதல், ஒலியும் சந்தேகமில்லாமல் மேல். அதன் முகப்பலகை முழு மரம்: மாடல் பெயரின் கடைசியில் எம்எஸ் என்றால் ஸ்புரூஸ் மரம், எம்சி என்றால் சிடார் மரம். பேஸ் கம்பியைத் தட்டினால் நாதம் நின்று கேட்கும். வாசிக்க வாசிக்க ஒலி இன்னும் திறக்கும். சி40-இன் முகப்பு ஒட்டுப்பலகை. அதன் ஒலி சற்று ஒடுங்கியது, வருடங்கள் போனாலும் பெரிதாக வளராது. கடையில் இரண்டையும் மீட்டிப் பார்ப்பவர் சிஜி122-ஐத்தான் தூக்குவார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. முழு மர முகப்புக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. மாலை மழை பெய்யும் தோட்டத்து வீட்டில் இரவு ஈரம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் விரியும். ஓரங்கள் பக்கப்பலகையோடு ஒட்டியிருப்பதால் விரிய இடமில்லாமல் முகப்பு மேல்நோக்கிப் புடைக்கும். கூடவே, முகப்பில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் எழும்பும், கம்பி உயரும், பிள்ளை விரல் வலிக்கிறது என்று கிட்டாரை ஓரம் வைத்துவிடும். ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், ஒன்றை மற்றது பிடித்து நிறுத்துகிறது. அதுவும் அசையும், ஆனால் மிகக் குறைவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழை மாதத்தில் கம்பி உயர்ந்ததைப் பார்த்து, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடலைத் தேய்த்துவிடுவார்கள். பிறகு கிட்டார் ஏர்கான் அறைக்குப் போகும்போது முகப்பு இறங்கி, கம்பி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உரசி இரையும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, புது சேடல்தான். இரவில் மட்டும் ஏர்கான் போடும் அறை முழு மரத்துக்கு இன்னும் கெடுதல், தினமும் ஏறி இறங்கும்.

சிஜி122-ஐக் காப்பாற்ற முடியாது என்பதில்லை. கெட்டியான பெட்டி, ஈரமானி, 200 கிராம் அளவுக்குச் சிலிக்கா ஜெல் வேண்டும். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். துணிப் பையில் ஜெல் போடுவது வீண், ஜிப் வழியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பராமரிப்பை வருடக்கணக்கில் விடாமல் செய்பவர் தாராளமாக வாங்கலாம். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் வீட்டுக்கும் அதுவே பொருத்தம். உண்மையில் சிஜி122-ஐ நான் நெருக்கமாகக் கவனித்ததும் அப்படிப்பட்ட வீட்டில்தான்.

சி40-ஐ வாங்கினால் முதலில் கம்பி உயரத்தை அளந்து பாருங்கள். 12-ஆவது ஃபிரெட்டிலிருந்து மெல்லிய கம்பி 3 மி.மீ., தடித்த கம்பி 4 மி.மீ. உயரத்தில் இருந்தால் சரி. அதைவிட உயரமாக இருந்து அரை மி.மீ. இறக்க, சேடலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். கண்ணாடி மேல் 220 நம்பர் மணல் தாளை விரித்து, சேடலை நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். அடி சாய்ந்தால் ஒலி சாகும். பிறகு 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) ஒத்துப்போகிறதா என்று டியூனரில் பாருங்கள். பெரிய விலகல் என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். பழைய நைலான் அடிக்கடி அப்படித்தான் ஏமாற்றும்.

எதை வாங்கினாலும் இரும்புக் கம்பி மாட்டக் கூடாது. நைலான் செட் மொத்தம் 40 கிலோ அளவில் இழுக்கும். இரும்பு 70-ஐத் தாண்டும், பிரிட்ஜைப் பிடுங்கிவிடும். மத்தியான வெயிலில் காரில் விட்டாலும் கோந்து இளகி அதே கதிதான்.

பழைய சிஜி122 மலிவாக வந்தால், பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய தாள் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் விடத் தொடங்கிவிட்டது. அதைத் திரும்ப ஒட்டத் தெரிந்த கைக்கு ஈப்போவரை அலைய வேண்டியிருக்கும், அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.