பெரிய ஐ.டி. கம்பெனியில் பத்து வருடத்துக்கு மேல்: என் அனுபவம்

படிப்பு முடித்த கையோடு சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். பத்து வருடம் தாண்டியும் அங்கேதான் இருக்கிறேன். சேரலாமா என்று ஊரில் யாராவது கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் மெடிக்ளெய்ம், அதாவது கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு பற்றித்தான் சொல்வேன்.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். கம்பெனியின் குரூப் பாலிசியில் அவரைச் சேர்த்த நாளிலிருந்தே கவர் இருந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்டரில் இ-கார்டையும் ஆதாரையும் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அப்ரூவல் வந்துவிட்டது. கோ-பே என்று பில்லில் நம் தலையில் விழும் பங்கும், கையுறை, சிரிஞ்ச் என்று கழித்த சில்லறையும்தான் நான் கட்டியது. யாரிடமும் கடன் கேட்கவில்லை, அம்மாவின் நகையை அடகு வைக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த வேலைக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் வேலையை விட்டால் இந்த கவரும் போய்விடும். அதனால் வயதும் உடம்பும் சரியாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள்.

பி.எஃப். மாதம் தவறாமல் ஏறும். பிரசவத்துக்கு 2017 முதல் சட்டப்படி 26 வார விடுப்பு, சம்பளத்தோடு. என் டீமில் யாரும் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஐந்து வருடம் முடித்தால், வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி: அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், பத்து வருட சர்வீஸ் என்றால் சுமார் 2.3 லட்சம். இதையும் சி.டி.சி.க்குள் (கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்த வருடச் செலவுக் கணக்கு), அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று போட்டுத்தான் பல இடங்களில் ஆஃபர் லெட்டரைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். இரண்டு வருடத்தில் கிளம்புகிறவர் கைக்கு அது வராது.

சரி, எது கசந்தது? எந்த வேலை செய்வது என்பது நம் கையில் இல்லை. ஜாவாவில் டிரெயினிங் கொடுத்துவிட்டு புரொடக்‌ஷன் சப்போர்ட்டில், அதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரைக் கவனிக்கும் வேலையில், போட்டார்கள். தானாக ஓட வேண்டிய புரோகிராம் (பேட்ச் ஜாப்) நடுராத்திரி நின்றுவிடும், போன் வரும். எழுந்து லாக் பார்த்து, ஜாபை மறுபடி ஓடவிட்டு, மெயில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இப்படியே சில வருடம் ஓடியபின் வெளியே இன்டர்வியூவுக்குப் போனால், அந்த ஒரு கிளையன்டின் டூலைத் தவிர ரெஸ்யூமில் சொல்ல ஒன்றுமில்லை. அந்த புராஜெக்டிலிருந்து ரிலீஸ் கேட்டால், 'மாற்று ஆள் வரட்டும்' என்பார்கள். அந்த ஆள் வரவே மாட்டார்.

வருடாந்திர மதிப்பீடான அப்ரைசல் இன்னும் மோசம். "நீ நல்லாத்தான் பண்ணியிருக்க, ஆனா டாப் ரேட்டிங் டீம்ல ஒருத்தருக்குத்தான்" என்று மேனேஜரே சொன்னார். ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் இத்தனை பேர்தான் என்று முன்கூட்டியே பிரிக்கும் பெல் கர்வ் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, உழைத்தவர்களில் யாரைக் கீழே தள்ளுவது என்று உட்கார்ந்து கணக்குப் போடுவது அநியாயம். வருடா வருடம் ஒற்றை இலக்க சதவீதத்தில்தான் சம்பள ஹைக். அதே வேலைக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு நம்மைவிடக் கூடுதல். புதிதாகச் சேர்கிறவர்கள் நிலையும் அதுதான்: 2010-களின் தொடக்கத்தில் மூன்று லட்சத்துச் சொச்சமாக இருந்த ஃபிரெஷரின் வருடச் சம்பளம், பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் இப்போதும் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இடையில் ஓ.எம்.ஆர். வாடகை எங்கே போய்விட்டது!

வீட்டில் முதல் சம்பளக்காரர், பெற்றோர் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் சேருங்கள். இரண்டாவது வருடத்திலேயே புராஜெக்ட் மாற்றம் கேட்கத் தொடங்குங்கள், எழுத்தில் கேளுங்கள். அப்புறம், கையெழுத்துப் போடும் முன் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) பகுதியைப் படியுங்கள். பல இடங்களில் 90 நாள். கூப்பிடுகிற கம்பெனியோ 30 நாளில் வரச் சொல்லும். பை-அவுட், அதாவது மிச்ச நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுக் கிளம்புவது, 'நிர்வாகத்தின் ஒப்புதலோடு' என்று இருந்தால், நீங்கள் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் மேனேஜர் மனசு வைத்தால்தான் ரிலீவிங் லெட்டர் சீக்கிரம் கிடைக்கும்.