கூகுள் சர்ச் கன்சோல்: மின்கட்டணப் பக்கமும் பேட்டரிப் பக்கமும் காட்டிய வேறுபாடு

வீட்டு மின்சாரம் தொடர்பான சிறிய தமிழ் இணையதளம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மின்கட்டணக் கணக்கீடு, இன்வெர்ட்டர் பராமரிப்பு, எர்த்திங், மொட்டைமாடிச் சூரிய மின்சாரம் ஆகியவையே அதன் பெரும்பகுதி. தளம் தொடங்கிய காலத்திலிருந்து நான் விடாமல் பயன்படுத்தும் ஒரே கருவி, நம் பக்கங்கள் கூகுளின் எந்தத் தேடலில் எந்த இடத்தில் தோன்றின, எத்தனை கிளிக் கிடைத்தன என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல். அதைத் தளத்துடன் இணைப்பது எப்படி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விளக்கும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவற்றை இங்கே தவிர்த்துவிடுகிறேன். நெடுநாள் பயன்படுத்திய பின்னரே தெரியவரும் ஒன்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்: உள்ளடக்கத்தைப் புதுப்பிப்பதால் தேடலில் இடம் உயருமா என்ற கேள்விக்கு இந்தக் கருவியின் அட்டவணைகள் தரும் பதில். தினமும் ஏதாவது பதிவேற்றிக்கொண்டே இருந்தால் கூகுள் மேலே தூக்கிவிடும் என்ற நம்பிக்கை தமிழில் தளம் நடத்துவோரிடையே வலுவாக இருக்கிறது. என் பக்கங்களின் தரவு அந்த நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை. எந்தக் கேள்வியின் விடை மாறிவிட்டதோ, அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தபோது மட்டுமே பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

இது கூகுளே சொல்லிவந்த செய்திதான். 2011 நவம்பரில், அப்போது தேடல் பிரிவுக்குத் தலைமை வகித்த அமித் சிங்கால், புதிய பக்கங்களை முன்னே காட்டுவதற்காக, ஏறத்தாழ 35 சதவீதத் தேடல்களைத் தொடும் மாற்றம் ஒன்றை அறிவித்தார். புதிய விவரம் தேவைப்படும் தேடல்களாக அவர் சுட்டியவை மூன்று வகை: அண்மையில் நடந்தவை, தேர்தலைப் போலக் குறித்த இடைவெளியில் திரும்ப வருபவை, நிகழ்ச்சியாக இல்லாவிட்டாலும் விவரம் அடிக்கடி மாறுபவை. தக்காளி சாஸ் செய்முறை சில ஆண்டுகள் பழையதானாலும் பயன்படும் என்பதையும் அதே அறிவிப்பு சொன்னது. சதவீதம் மட்டும் ஊரெங்கும் பரவியது, சாஸ் பாட்டிலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் மூன்றாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 செப்டம்பர் 10 அன்று புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஜூலை 1 திருத்தத்துக்குரிய நாளாகிவிட்டது. 2024இல் அறிவிப்பு ஜூலை நடுவில்தான் வெளிவந்தது என்றாலும் கணக்கீடு ஜூலை 1 முதலே தொடங்கியது. 400 யூனிட் வரையிலான விகிதம் 4.60 ரூபாயிலிருந்து 4.80 ரூபாயாயிற்று. என் கட்டணப் பக்கத்தின் முகவரியை மாற்றாமல், புதிய அட்டவணையை மேலே வைத்து, பழைய அட்டவணையை அது செல்லுபடியாகும் காலத்தைக் குறிப்பிட்டுக் கீழே இறக்கினேன். சென்ற ஆண்டின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பின்னர் கன்சோலில் ஒரு பக்கத்தின் நிலையை அறிய உதவும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பகுதியில், மீண்டும் இண்டெக்ஸ் செய்ய, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் பதிய, கோரினேன். கடைசியாகக் கிரால் செய்யப்பட்ட, அதாவது கூகுள் வந்து பக்கத்தைப் படித்த, தேதி விரைவிலேயே மாறியது. அதுவரை தேடல் முடிவுகளின் இரண்டாம் பக்கத்தில் கிடந்த இணைப்பு, ஆண்டைச் சேர்த்துத் தேடுபவர்களுக்கு முதல் பக்கத்தில் தெரியத் தொடங்கியது.

ஆனால் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. செப்டம்பருக்குள் வரைகோடு ஏறக்குறைய பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஒரே அட்டவணையை ஒரே மணி நேரத்தில் வெளியிடும் செய்தித் தளங்களோடு முதல் சில நாள்களில் போட்டியிடுவது என்னைப் போன்றவர்களுக்கு வீண் வேலை என்பதே என் முடிவு. எனக்கு உண்மையில் உதவியது வேறொன்று. மக்கள் தேடலில் தட்டச்சிய சொற்களைக் காட்டும் வினவல்கள் அட்டவணையில், ஜூலை ரீடிங்குக்குப் பழைய ரேட்டா புதிய ரேட்டா என்ற பொருளில் விதவிதமான தேடல்கள் வரிசையாக வந்திருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் முறையில், கட்டண மாற்றம் ஒருவருடைய கணக்கீட்டுக் காலத்தின் நடுவில் விழும்போது எழும் இயல்பான ஐயம் அது. செய்தித் தளங்களில் அதற்கு விடை இல்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து, ஒரு மாதிரி பில்லை வரிவரியாகப் போட்டுக் காட்டி, பக்கத்தில் தனிப்பகுதியாகச் சேர்த்தேன். கட்டண உயர்வுச் செய்தி பழசான பிறகும், அந்தப் பகுதிக்கான கிளிக்குகள் குறையாமல் வந்தன.

இந்த இடத்தில் கன்சோல் பயன்படுத்துவோர் பலர் தடுமாறும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியைச் சேர்த்த சில வாரங்களில் பக்கத்தின் சராசரி இடம் மோசமானது, கிளிக்குகளோ கூடின. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்றால், சராசரி இடம் என்பது பக்கம் தோன்றிய எல்லாத் தேடல்களுக்குமான சராசரி. பக்கம் விரிவடைந்ததும், அதற்கு முன் அறவே தோன்றாத பல தேடல்களில் முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் புதிதாகத் தலைகாட்டுகிறது. அவை சராசரியைக் கீழே இழுக்கின்றன. அறிக்கையின் மேலே தெரியும் ஒற்றை எண்ணைப் பார்த்துப் புதுப்பித்தல் பயனற்றது என்று முடிவுகட்டுவதும், சேர்த்ததை நீக்கிவிடுவதும் தேவையற்றவை. ஒரே பக்கத்தை வடிகட்டி, ஒரே வினவலை இரண்டு காலங்களுக்கு ஒப்பிட்டால்தான் உண்மை நிலை புலப்படும்.

2025 ஜூலையில் இன்னொரு பாடம் கிடைத்தது. அந்த ஆண்டு 3.16 சதவீத உயர்வு நடைமுறைக்கு வந்தது, ஆனால் வீட்டு இணைப்புகளுக்கு அது பொருந்தவில்லை. 2023இல் 2.18 சதவீத உயர்வின்போதும் வீடுகளுக்கு விலக்கு இருந்தது. எனவே என் அட்டவணையில் மாற்ற ஓர் எண்கூட இல்லை. ஆயினும் தேடல்கள் பெருகின, ஏனெனில் உயர்வு என்ற செய்தியைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று அறிய வந்தார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் வீடுகளுக்கு இந்த ஆண்டு உயர்வு இல்லை என்று தேதியுடன் இரண்டு வரி எழுதியது மட்டுமே நான் செய்த வேலை. அந்த இரு வரியால் வந்த கிளிக்குகள் வேறு எந்த நீண்ட திருத்தத்தாலும் வந்ததில்லை. எதுவும் மாறவில்லை என்பதும் ஒரு புதிய தகவலாக இருக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறானது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது பற்றிய பக்கம். டியூபுலர் பேட்டரியின் வேதியியல் ஜூலைக்கு ஜூலை மாறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கை வைக்காமல் விட்டும் அதன் இடம் பெரிதாக அசையவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இம்ப்ரெஷன், அதாவது பக்கம் தேடலில் தோன்றிய எண்ணிக்கை, ஏறுகிறது, மழைக்காலத்துக்குப் பின் இறங்குகிறது. முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் தரம் குறைந்துவிட்டதோ என்ற பயம் வரும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் இடம் அப்படியே இருப்பதும், தேடுபவர்களின் எண்ணிக்கை மட்டுமே வெயிலோடு கூடிக் குறைவதும் விளங்கும்.

அந்தப் பக்கத்தை நான் தொட்டது வினவல்களைப் பார்த்தே. ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா என்ற தேடலுக்குப் பக்கம் நிறையத் தோன்றியிருந்தது, கிளிக் செய்தவர்கள் மிகச் சிலர். பக்கத்தில் அதற்கு நேரடி விடை இருக்கவில்லை. ஆர்ஓ தண்ணீரிலும் கரைந்த உப்புகள் ஓரளவு எஞ்சியிருப்பதால் அது பேட்டரிக்கு ஏற்றதல்ல என்பதையும், மிதவைக் காட்டியின் மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது அமிலக் கரைசல் வழியும் என்பதையும், குறைந்த அளவை ஈடுகட்ட ஒருபோதும் ஆசிட் ஊற்றக்கூடாது என்பதையும் எழுதி, என் வீட்டுப் பேட்டரியின் மிதவையை நெருக்கமாகப் படமெடுத்துச் சேர்த்தேன். அந்த வினவலில் பக்கம் முதல் சில இடங்களுக்குள் வந்து இன்றுவரை நிற்கிறது. இங்கே வேலை செய்தது தேதி அல்ல. கேட்டதற்கு விடை கிடைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வினவல் அட்டவணையின் இன்னொரு பயன், மக்கள் எப்படித் தட்டச்சுகிறார்கள் என்பதைக் காட்டுவது. நான் மின்கட்டணம் என்று எழுதுகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் கரண்ட் பில் என்றும், அதையே ஆங்கில எழுத்துகளில் நாலைந்து விதமாகவும் தேடுகிறார்கள். பல எழுத்து வடிவங்களை ஒரே விதியால் பிடிக்கும், 2021இல் சேர்க்கப்பட்ட ரெஜெக்ஸ் வடிகட்டியால் இவற்றை ஒன்றாகத் திரட்டிப் பார்க்க முடிகிறது. தமிழ்த் தளங்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கன்சோலைப் பரிந்துரைக்கலாம்.

தரத்தைப் பற்றிய தெளிவான சான்று என் தளத்திலிருந்து கிடைக்கவில்லை. மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் தம் தளத்தின் கன்சோலைப் பார்வையிட எனக்கு அனுமதி தந்திருக்கிறார். தினம் ஒரு கட்டுரை என்ற மாதாந்திரப் பேக்கேஜ் ஒன்றை ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருந்தார். வாங்கும் முன் கவனிக்க வேண்டிய 10 விஷயங்கள் என்ற அச்சிலேயே மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் அயர்ன் பாக்ஸும் வரிசையாக வந்தன. பக்கங்கள் அறிக்கையில் இண்டெக்ஸ் ஆனவற்றைக் காட்டும் பச்சைப் பட்டை அசையாமல் நிற்க, இண்டெக்ஸ் ஆகாதவற்றைக் காட்டும் சாம்பல் பட்டை மட்டும் மாதாமாதம் உயர்ந்தது. கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை என்ற குறிப்பே பெரும்பாலானவற்றின் மீது இருந்தது. கூகுள் வந்து படித்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. 2024 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட ஸ்பேம் கொள்கை, தேடலில் இடம்பிடிக்கவே மொத்தமாக உருவாக்கப்படும் பக்கங்களை, அவற்றை எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல், முறைகேடு என்று வகைப்படுத்துகிறது.

பேக்கேஜை நிறுத்திய பின் அவர் தம் பட்டறை மேசையிலிருந்து எழுதத் தொடங்கினார். ஜாரின் அடியில் கறுப்புத் தூள் படிந்தால் கப்ளர் தேய்கிறது என்று பொருள். ஓடும்போது மோட்டாருக்குள் தீப்பொறி மிகுந்தால் முதலில் கார்பன் பிரஷைப் பார்க்க வேண்டும். இத்தகைய விவரங்களைத் தாமே எடுத்த புகைப்படங்களோடு எழுதிய பக்கங்கள் எண்ணிக்கையில் குறைவு, இடைவெளியும் அதிகம். அவைதான் இண்டெக்ஸ் ஆயின, அவைதான் கடைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகின்றன. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பிடக் கூகுள் அமர்த்தும் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் அனுபவம் என்ற அளவுகோல் சேர்க்கப்பட்டது. மதிப்பீட்டாளர் தரும் மதிப்பெண் ஒரு பக்கத்தின் இடத்தை நேரடியாக மாற்றுவதில்லை என்றாலும், எந்தத் திசையில் தேடுபொறி நகர விரும்புகிறது என்பதை அது காட்டுகிறது.

தேதியை மட்டும் மாற்றும் பழக்கம் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளடக்கம் பெரிதாக மாறாதபோது புதியதாகத் தோன்றவேண்டும் என்பதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டிப் பக்கமே கேட்கிறது. தளம் புதிதாகத் தெரியும் என்று நம்பிப் பழைய பக்கங்களைக் கூட்டமாக நீக்குவதும் உதவாது என்கிறது. 2023இல் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியபோது, பழையது என்பதற்காக மட்டும் நீக்குவதில் பயனில்லை என்று கூகுள் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்பில் உள்ள முன்னுரிமை, மாற்ற இடைவெளி ஆகிய இரு குறிப்புகளையும் கூகுள் பொருட்படுத்துவதில்லை. கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும், அது நம்பத்தக்கதாகத் தொடர்ந்து இருந்தால், கணக்கில் கொள்கிறது. ஆகவே எழுத்துப்பிழை திருத்தும்போது அந்தத் தேதி மாறாதபடி அமைத்திருக்கிறேன்.

கருவியின் குறைகள் ஆவணங்களிலேயே உள்ளவை. அட்டவணை 1,000 வரிகளோடு நின்றுவிடுகிறது. மிகச் சிலர் மட்டுமே தேடிய வினவல்கள் தனியுரிமை கருதி மறைக்கப்படுவதால், சிறிய தளங்களில் கூட்டுத்தொகைக்கும் வரிகளின் தொகைக்கும் பெரிய இடைவெளி விழும். தமிழ் வினவல்கள் பல எழுத்து வடிவங்களாகச் சிதறுவதால் இந்த இழப்பு நமக்கு இன்னும் கூடுதல் என்பது என் ஊகம். தேடல் முடிவுகளோடு கூகுள் காட்டும் ஏஐ சுருக்கமான ஏஐ ஓவர்வியூவில் தோன்றியதும் வழக்கமான முடிவில் தோன்றியதும் வலைத் தேடல் என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன. இடம் மாறாமலே கிளிக் குறைந்தால், காரணத்தை ஊகிக்கத்தான் முடியும்.

எல்லாவற்றிலும் பெரிய வரம்பு, தரவு 16 மாதங்களுக்கு மட்டுமே இருப்பது. 2018க்கு முன் 90 நாள் மட்டுமே இருந்தது என்பதை நினைத்தால் இது தாராளம். ஆனாலும் ஆண்டுக்கொருமுறை மாறும் கட்டணத்தைப் போன்ற பொருளுக்கு ஒரே ஒரு முந்தைய ஜூலையைத்தான் திரையில் ஒப்பிட முடியும். அதனால் மாதந்தோறும் வினவல்களையும் பக்கங்களையும் தனித்தனியாக இறக்கி ஒரு கூகுள் ஷீட்டில் அடுக்கிவைக்கிறேன். எந்தப் பக்கத்தில் எந்த நாளில் எதைத் திருத்தினேன் என்ற குறிப்பும் அதே ஷீட்டின் கடைசி நெடுவரிசையில் இருக்கிறது.