சிம்பலைப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்றால் உடனே கொடுத்துவிடாதீர்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் யாராவது சிம்பலையும் (குச்சியால் தட்டும் வெண்கலத் தட்டு) அதை மாட்டும் ஸ்டாண்டுகளையும் சுத்தம் செய்ய வெளியே கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். போன மாதம் நான் கொடுத்து ஏமாந்தேன். 11 வருடமாக வாசித்த என் 20 அங்குல ரைடின் (தொடர்ந்து தாளம் தட்டுகிற பெரிய சிம்பல்) பழைய சத்தம் இனி திரும்பி வராது.

வாத்தியங்களைப் பழுதுபார்க்கிற கடைதான். "புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்றார்கள். என்ன போட்டுத் துடைப்பீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், கவலையே படாதீங்க" என்று பதில் வந்தது. அங்கேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ரைடு, கிராஷ் இரண்டு, ஹை-ஹாட் ஆகிய சிம்பல்கள், ஸ்டாண்டுகள், பாஸ் டிரம் பெடல், ஸ்னேர் டிரம் என்று எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

திரும்ப வாங்கப் போனபோது எல்லாம் கண்ணைப் பறித்தன. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோதுதான் ரைடில் கம்பெனி பெயர் அச்சடித்த இடம் வெறுமையாக இருந்தது தெரிந்தது. சரி, பெயர் போனால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் நடுக்குமிழிலிருந்து விளிம்பு வரை நகத்தால் கீறிப் பார்த்தேன். முன்பெல்லாம் நகம் வரிவரியாகத் தடுக்கி 'கிர்ர்' என்று ஓசை வரும். இப்போது கண்ணாடியில் வழுக்குவதுபோல நேராக விளிம்புக்குப் போய்விட்டது.

அந்த வரிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. கடைசல் இயந்திரத்தில் சிம்பலைச் சுழலவிட்டு, உலோகத்தைச் சீவிச் சீவி அந்தப் பள்ளங்களை வரவழைக்கிறார்கள். கனமும் சத்தமும் அந்தச் சீவலில்தான் அமைகின்றன. பாலிஷ் போடச் சுழலும் பஃபிங் சக்கரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தால் வரிகளின் முகடு மழுங்கும், பள்ளத்தில் பாலிஷ் மெழுகு அடைந்துகொள்ளும். என் ரைடை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன், துணி கரிப்பிடித் துணிபோல ஆகிவிட்டது. விளிம்பில் ஓரிடத்தில் மங்கலான ஊதா நிறம் வேறு. சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்த சூட்டின் தழும்பு அது. நல்ல சிம்பல்கள் பலவும் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம். சூடாக்குவதும் குளிரவைப்பதும் பக்குவமாக நடந்தால்தான் அந்த வெண்கலத்துக்கு அதன் தன்மை வரும். அதில் கண்டபடி சூடு ஏற்றினால் அந்தப் பக்குவம் கெடும்.

வாங்கிய நாளில் எடை போட்டு நோட்டில் எழுதிவைத்திருந்தேன்: 2310 கிராம். அதே தராசில் இப்போது 2278. அந்த 32 கிராமும் கடைக்காரரின் சக்கரத்தில் போனதுதான். வாசித்தால் குச்சி படும் 'டிங்' தெளிவாக எழவில்லை, பின்னால் வரும் இரைச்சலில் அமுங்கிப்போகிறது.

ஸ்டாண்டுகளின் கதை இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது. குரோம் பூச்சில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், அதுவும் திருகுமரை இருக்கும் இடங்களில் கொத்தாக. திரும்பப் போய் விடாப்பிடியாகக் கேட்டதில் உதவியாளர் ஒருவர் சொல்லிவிட்டார், ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தார்களாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நிற்காது, குரோமையும் தின்னும். பூச்சு போன இடத்தில் அடியில் இருக்கும் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். பெடலையும் ஏதோ கரைப்பானில் ஊறவைத்திருக்கிறார்கள். பேரிங்கில் இருந்த கிரீஸ் எல்லாம் கழுவிக்கொண்டு போய், மிதிக்க மிதிக்கக் கீச்சிடுகிறது.

எனக்கு அதிகம் கோபம் வந்தது ஒரு சின்ன விஷயத்தில். ஸ்டாண்டு கம்பியின் மேல் மாட்டியிருக்கும் நைலான் ஸ்லீவ்களில் மூன்றைக் காணோம். அது இல்லாமல் வாசித்தால் கம்பியின் மரை சிம்பலின் நடுத்துளையை அரம்போல அராவும். வட்டத்துளை சாவித்துவாரம்போல நீண்டுவிடும், அங்கிருந்து விரிசலும் கிளம்பலாம். நல்லவேளை, மாட்டும்போதே கவனித்தேன்.

கடைக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "பளபளன்னுதானே இருக்கு, சத்தம் மாறினது உங்க பிரமை" என்றார். எடையைச் சொன்னேன், தராசு தப்பு என்றார்.

நீங்கள் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், பஃபிங் மெஷின் வைப்பார்களா, ஆசிட் தொடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் கொடுக்காதீர்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து, எடை போட்டு, நட்டு, ஃபெல்ட், ஸ்லீவ் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுங்கள். ஆனால் பெரும்பாலும் கொடுக்கவே தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மென்மையான துணி, இவ்வளவுதான். வரிகள் போகும் வட்டத்திலேயே துடைத்து, கழுவி, ஈரம் துளியும் நிற்காமல் அப்போதே ஒற்றி எடுங்கள். எலுமிச்சையோ வினிகரோ வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். அமிலம் பட்ட இடம் சிவந்து திட்டுத்திட்டாகும், அச்செழுத்துக்கும் உத்தரவாதமில்லை. டிரம் தோலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ராடுகளைத் துடைத்து மரையில் துளி கிரீஸ் தடவினால் போதும். வாசித்து முடித்ததும் விரல் பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்துவைக்கும் பழக்கம் இருந்தால் பாதி அழுக்கு சேரவே சேராது.

பழைய சிம்பல் வாங்குகிறவர்களும் அந்த நகச் சோதனையைச் செய்து பாருங்கள். தொழிற்சாலையிலேயே பளபளப்பாக்கி வருபவையும் உண்டு, அவற்றில் வரிகள் முழுக்க ஒரே சீராக இருக்கும். ஓரிடத்தில் தடுக்கி ஓரிடத்தில் வழுக்கினால் யாரோ சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். என் ரைடை நான் விற்க நேர்ந்தால் இதையெல்லாம் சொல்லித்தான் விற்பேன்.