பூட்டைத் திறந்து ஐந்து வருடம்: ஒரு பழைய போனோடு என் அனுபவம்

என் போனை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலில் ஓர் எச்சரிக்கைத் திரை வரும். பூட்லோடர் திறந்திருக்கிறது, இந்த மென்பொருளை நம்ப முடியாது என்கிற ரீதியில் ஐந்து விநாடி மிரட்டிவிட்டுத்தான் மேலே போகும். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், போன்ல வைரஸா?” என்றார். இல்லை, வேறு இயங்குதளம் போடுவதற்காகக் கம்பெனியின் பூட்டை நானே விரும்பித் திறந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு டீ குடிக்கப் போக வேண்டியிருந்தது. அவரிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

2018 கடைசியில் 15,000 ரூபாய்க்கு வாங்கிய ஆண்ட்ராய்டு போன் இது. கம்பெனி பெயர் வேண்டாம். வந்தபோது ஆண்ட்ராய்டு 8.1. இரண்டு வருடத்தில் 10 வரை வந்தது, அதோடு சரி. அப்டேட் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கோப்புகளைத் திறக்கும் செயலியில் விளம்பரம், லாக் ஸ்கிரீனில் விளம்பரம், கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்ட ரம்மி விளையாட்டு. சில செயலிகளை எடுக்கப் போனால் ‘முடக்கு’ என்ற பொத்தான் மட்டும் இருக்கும், ‘நீக்கு’ இருக்காது. சொந்தக் காசில் வாங்கிய வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்றவரே பூட்டிச் சாவியை வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

2020 தீபாவளி லீவில் பூட்டைத் திறந்தேன். போனை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் சின்ன நிரல்தான் பூட்லோடர். கம்பெனியின் கையெழுத்து உள்ள இயங்குதளத்தை மட்டும் உள்ளே விடும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை ஒதுங்கச் சொல்ல, கம்பெனியிடமே விண்ணப்பம் போட்டு அனுமதிக்காகக் காத்திருந்தேன். இதுவாவது பரவாயில்லை. ஹூவாவே 2018-லேயே திறப்பு எண் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டது.

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் திரைக்குப் போனேன். லேப்டாப்பில் ஒரே ஒரு வரிக் கட்டளை. எல்லாத் தகவலும் அழியும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம். அழிந்தது. அப்புறம் புது இயங்குதளத்தை உள்ளே வாங்கும் ரெகவரி என்ற சின்ன நிரலை ஏற்றி, ஆண்ட்ராய்டை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் கோப்பை அனுப்பினேன். 47 சதவீதத்தில் போய் நின்றது. லேப்டாப் திரையில் ‘தோல்வி: வெற்றி’ என்று பொருள்படும் ஒரு செய்தி. இரவு ஒன்றரை மணிக்கு, போனில் எதுவுமே இல்லாத நிலையில், அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. 47-ல் நிற்பதும் அந்தக் கோணல் செய்தியும் வழக்கமானதுதான், பயப்பட வேண்டாம் என்று லினேஜின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை.

லினேஜ் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2009-ல் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற ஆண்ட்ராய்டு வகைதான் இதன் மூதாதை. அதை வைத்துத் தொடங்கிய கம்பெனி 2016 கடைசியில் கையை விரித்தபோது, தன்னார்வலர்கள் நிரலை எடுத்துக்கொண்டு லினேஜ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கம்பெனி போனாலும் நிரல் போகவில்லை.

ஐந்து வருடத்தில் கிடைத்தது என்ன? ஆண்ட்ராய்டு 10-உடன் கைவிடப்பட்ட போனில் இப்போது 15 ஓடுகிறது. விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக நெட்டை வெட்டிவிடலாம். கால்குலேட்டருக்கும் டார்ச்சுக்கும் எதற்கு இணையம்? வெட்டினேன், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. திறந்த நிரல் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு என்ற கடையில் இண்டிக் கீபோர்டு எடுத்துத் தமிழ்99 விசை அமைப்பில் அடிக்கிறேன். நான் அடிப்பது எங்கே போகிறதென்று வேண்டுமானால் நிரலைத் திறந்தே பார்க்கலாம். நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். பார்க்கத் தெரிந்த யாரோ பார்க்க முடியும் என்பதே எனக்குப் போதும். மூன்றாவது வருடம் பேட்டரி உப்பியபோது தாம்பரத்தில் ஒரு செல் கடையில் மாற்றினேன். அந்தச் செலவோடு போனுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது.

நஷ்டக் கணக்கும் உண்டு. கேமரா கொஞ்சம் மங்கிப் போனது. படம் காட்டும் ஓடிடி செயலிகள், பூட்டு திறந்த போன் என்று தெரிந்ததும் எச்டியைத் தராமல் மங்கலான தரத்தில்தான் ஓட்டுகின்றன. முதல் மாதம், 4ஜி வழியாகவே குரலையும் அனுப்பும் வோல்ட்டி தகராறு செய்தது. ஜியோவில் 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது, எனவே வோல்ட்டி இல்லையென்றால் பேச்சே கிடையாது. போன் பேச முடியாத போனை மூன்று வாரம் சுமந்தேன். அடுத்த அப்டேட்டில் சரியானது.

செட்டிங்ஸில் ஒரு பக்கத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் இரண்டு தேதிகள் தெரியும். மேலே இருப்பது ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தத் தேதி, அண்மைத் தேதியாக இருக்கும். கீழே தயாரிப்பாளரின் திருத்தத் தேதி: 2020. அங்கேயே உறைந்து நிற்கிறது. காரணம் இதுதான்: ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற திறந்த நிரல் உரிமத்தில் இருப்பதால் அதன் நிரலைக் கம்பெனிகள் வெளியிட்டாக வேண்டும். ஆனால் மோடம், கேமரா, கைரேகைச் சில்லு ஆகியவற்றை ஓட்டும் நிரல்கள் மூடியவை. அவற்றைக் கம்பெனியைத் தவிர யாராலும் பழுதுபார்க்க முடியாது. திறந்த போன் என்று நான் மார்தட்டிக்கொண்டாலும் என் போன் முக்கால்வாசிதான் திறந்தது. மீதிக்கு 2020-ஐத்தான் நம்பியிருக்கிறேன்.

இனி பெட்ரோல் பங்க் கதை. போன வருடம் திண்டிவனத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில், ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டி வண்டிக்கு 500 ரூபாய்க்குப் போட்டேன். பணம் அனுப்ப வங்கிச் செயலியைத் திறந்தால், ‘உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல’ என்று சொல்லிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. முந்தின நாள் வரைக்கும் ஓடியதுதான். ராத்திரி ஓர் அப்டேட் வந்திருக்கிறது. பங்க் பையன், “அண்ணே, சிக்னல் இல்லையா? வைஃபை வேணா போடட்டா?” என்றான். பின்னால் லாரி ஹாரன். பர்ஸில் 120 ரூபாய். கடைசியில் கியூஆர் கோடைப் படமெடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் பணம் போட்டு, அந்த ஸ்பீக்கர் பெட்டி ‘ஐநூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நடந்தது இதுதான். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவையிடம் செயலி கேட்கும்: இந்தப் போன் சான்று பெற்றதா? தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருள்தான் ஓடுகிறதா? இல்லை என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடும். போன் உண்மையிலேயே ஓட்டையாக இருக்கிறதா என்பது அந்தக் கேள்வியில் பெரிதாக வராது. என் தம்பியிடம் இதே மாடல், பூட்டு திறக்காதது. 2020-க்குப் பிறகு ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வராத அவன் போனில் அதே வங்கிச் செயலி ஜம்மென்று திறக்கிறது. மாதாமாதம் திருத்தம் ஏறும் என் போன்தான் ஆபத்தாம்.

இதை ஏமாற்ற வழிகள் உண்டு. மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு, போனின் மேல் முழு அதிகாரம் தரும் ரூட் அனுமதி எடுத்து, அதற்கு மேல் ஒரு மாட்யூலை (கூடுதல் நிரல்) போட்டு, போனை வேறு போன் மாதிரி வேஷம் கட்ட வைக்கலாம். ஒரு வருடம் அதையும் செய்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உடையும், ஞாயிற்றுக்கிழமை போகும். பணம் புழங்கும் செயலிக்காக யாரோ முகம் தெரியாதவர் எழுதிய மாட்யூலுக்கு ரூட் அனுமதி கொடுப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று ஒருநாள் உறைத்தது. நிறுத்திவிட்டேன். இப்போது யூபிஐக்கென்று பூட்டு திறக்காத ஒரு பழைய போன் பையில் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகச் சுமக்கிறேன். கம்பெனியிடமிருந்த பூட்டைத்தான் நான் திறந்தேன். அது என் கையில் தங்கவில்லை, வங்கிச் செயலியின் வாசலில் போய்த் தொங்குகிறது.

அதற்காகப் பூட்டிய போனெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. மனைவி வைத்திருப்பது ஐபோன் 11. 2019-ல் வந்த மாடலுக்கு 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 கிடைத்தது. என்னைப் போல நடுராத்திரியில் கேபிளோடு மல்லுக்கட்டாமலே அவருக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது. ஆனால் அங்கே கதவைத் திறப்பதும் மூடுவதும் ஆப்பிள்தான். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களைச் சொல்லாமல் மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் போட்டு நெருக்கியதும் 2024 மார்ச்சில் வேறு ஆப் ஸ்டோர்களை உள்ளே விட்டார்கள். அதே போன், அதே மென்பொருள், ஆனால் நம் ஊரில் அந்தக் கதவு இல்லை.

அப்பா போனில் நான் பூட்டைத் தொடவே இல்லை. கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே (செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு), டிராஃபிக் அபராதம் என்று ஒரு ஏபிகே என வாட்ஸ்அப்பில் வந்து, தொட்டவர்கள் கணக்கைத் துடைத்துப் போகிற காலம் இது. 71 வயதில் அவருக்கு வேண்டியது வெளியிலிருந்து எதுவும் ஏறாத போன். லேப்டாப்பில் செருகி, அங்கிருந்தே போனுக்கு உத்தரவு போடும் ஏடிபி கட்டளையில் வேண்டாத செயலிகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அந்தப் பூட்டு நல்லது. ஆனால் அதைப் பூட்டுவது நானும் அவரும் பேசி எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

அந்த முடிவும் கை மாறப் போகிறது போலிருக்கிறது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், அடையாளத்தைத் தங்களிடம் பதிந்த நிரலாளர்களின் செயலிகள் மட்டுமே ஏறும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், பிறகு மற்ற நாடுகள். எஃப்-டிராய்டு வெளிப்படையாக எதிர்த்தது. எதிர்ப்பு பெருகியதும், விஷயம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கிவந்தது. இதே கூகுளுக்குத்தான் 2022 அக்டோபரில் நம் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போன் தயாரிப்பாளர்களைத் தன் செயலிகளை மூட்டையாக ஏற்றச் சொன்னது அதில் ஒரு குற்றச்சாட்டு. அரசும் சும்மா இல்லை. தொலைந்த போன், சைபர் மோசடி புகார்களுக்கான தன் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதுப் போன்களிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு போட்டு, கூச்சல் எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள்.

நீங்களும் செய்யலாமா என்று கேட்டால், கையில் ஒரே போன், அதில்தான் யூபிஐ என்றால் வேண்டாம் என்பேன். டிராயரில் தூங்கும் பழைய போன் இருந்தால், அதில் தாராளமாகச் செய்து பாருங்கள். முதலில் லினேஜ் தளத்தில் உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பை பேக்கப் எடுங்கள். வழிகாட்டியைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள், நான் செய்த மாதிரி இல்லாமல்.

என் போனின் சார்ஜ் போடும் துளை இப்போது ஆடுகிறது. அடுத்தது கூகுளின் பழைய பிக்சல் போன் ஒன்று வாங்கி, பாதுகாப்பை முன்வைத்து ஆண்ட்ராய்டிலிருந்து செய்த கிராஃபீன் ஓஎஸ் போடலாம் என்று இருக்கிறேன். அதில் புது இயங்குதளத்தைப் போட்ட பிறகு பூட்டை மறுபடி பூட்டிக்கொள்ளவும் முடியும். போன வாரம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். செகண்ட் ஹேண்ட் பிக்சல்களில் அமெரிக்காவிலிருந்து வருபவையும் உண்டு, அங்கே சில நெட்வொர்க் கம்பெனிகள் விற்றவற்றில் பூட்டைத் திறக்கவே முடியாது. அதனால் போனைக் கையில் வாங்கியதும் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில், பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ பொத்தான் நகர்கிறதா என்று பார்த்தேன். சாம்பல் நிறம். நகரவில்லை. அடுத்ததும் அப்படியே.

“கேமரா பாருங்க சார், சூப்பரா இருக்கும்,” என்றார் கடைக்காரர். மூன்றாவதை எடுக்க உள்ளே போனார்.