பீடத்துப் பூக்களை எதில் செருகுவது?

பங்கு ஆலயத்தில் பீட அலங்காரம் உங்கள் அன்பியத்தின் (பங்கு மக்களின் சிறு குழு) முறைக்கு வருகிறதா? என்ன பூ வாங்குவது என்பதற்கு முன், அதை எதில் செருகுவது என்று பேசி முடித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை செருகும் பூ ஞாயிறு கடைசிப் பூசைவரை நிற்குமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. பூக்கடைப் பச்சை ஃபோம் (நீர் உறிஞ்சும் மெத்தென்ற கட்டி), வாழைமரத் துண்டு, கம்பிவலை ஆகிய மூன்றும் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை.

ஃபோமில் வேலை விரைவாக முடியும். நினைத்த கோணத்தில் காம்பு நிற்பதால் புதிதாக வந்தவருக்கும் கை பழகிவிடும். நனைக்கத்தான் பொறுமை வேண்டும். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக அமிழும்வரை காத்திருக்க வேண்டும். கையால் அமுக்கினால் மேற்புறம் மட்டும் நனையும்; உள்ளே காய்ந்த இடத்தில் சிக்கிய ரோஜா மறுநாள் தலை தொங்கிவிடும். ஒருமுறை காய்ந்த கட்டியில் மீண்டும் சரியாக நீர் ஏறாது. அதனால் வாராவாரம் புதிது வாங்க வேண்டும், பழையது குப்பைக்குப் போகும். வழக்கமான ஃபோம் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஆனது. அது மக்குவதில்லை, துகளாக உதிர்ந்து வாளித் தண்ணீரோடு சாக்கடையில் கலக்கிறது. பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது. படைத்தவரைப் போற்றும் இடத்தில் இதைத் தொடர்ந்து பயன்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாழைமரத் துண்டு செலவில்லாதது. குலை வெட்டிய மரம் யார் தோட்டத்திலாவது கிடக்கும். ஈரம் நிறைந்த அந்தத் துண்டில் குச்சியால் துளையிட்டுச் செவ்வந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி என எதையும் செருகலாம். முடிந்ததும் உரக்குழியில் போட்டுவிடலாம். கறைதான் தொல்லை. பீடத்துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் எளிதில் போகாது. அடியில் தட்டு வைக்காமல் உள்ளே கொண்டுபோகவே கூடாது.

வழக்கமான ஞாயிறுகளுக்கு நான் சொல்வது கம்பிவலைதான். கோழிக்கூண்டு வலையைத் தளர்வாகச் சுருட்டி, வாயகன்ற ஜாடிக்குள் இறக்கி, விளிம்போடு கயிற்றால் கட்டிவிட வேண்டும். சுருளின் இரண்டு மூன்று அடுக்குகளில் காம்பு மாட்டிக்கொள்வதால் கனத்த கிளாடியோலஸ்கூடச் சாயாது. ஃபோமில் குத்தும்போது மடங்கும் ஜெர்பெராவும் இதில் நேராக நிற்கும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் அழுகி நாறும். பழகும்வரை நேரம் பிடிக்கும், பூக்கள் நினைத்த பக்கம் திரும்பாது. பொறுத்துக்கொள்ளலாம். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளும் (எண் 305) மலர்களைப் பீடத்தின் மேல் வைப்பதைவிடச் சுற்றி வைக்கவே சொல்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் ஆழமான ஜாடிகளுக்கு இந்த வலை பொருத்தம். தவக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாள்களும் தவிரப் பீடத்தை மலரால் அலங்கரிப்பதில்லை என்பதால், வலையைக் கழுவிக் காயவைத்துப் பாஸ்காவுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு) எடுத்துவைக்கலாம்.

திருவிழாவுக்குத் தூணில் சாய்த்துக் கட்டும் அலங்காரத்தில் ஜாடி நிற்காது. அங்கே பலரும் ஃபோமைத் தேடுகிறார்கள். வாழைமரத் துண்டை வாழையிலையில் பொதிந்து கட்டினாலே போதும். கம்பிவலைக்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். ஞாயிறு முதல் பூசைக்கு முன் ஜாடியில் தண்ணீர் ஊற்ற, ஆலயத்துக்கு அருகில் குடியிருக்கும் ஒருவரைச் சனிக்கிழமையே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.