நாஸ் பெட்டி செத்துவிட்டால் டிஸ்க்கை எங்கே செருகுவது? புதுப் பெட்டி, லினக்ஸ் கணினி, ரெக்கவரி கடை: ஓர் அலசல்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இடி இடித்து எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போனது. இரண்டு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தபோது ஃபிரிட்ஜ் ஓடியது, ரவுட்டரின் விளக்கு எரிந்தது. ஷெல்ஃபில் இருந்த நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருடைய ஃபைலையும் வைக்கும் டிஸ்க் பெட்டி) மட்டும் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றது, பூட் ஆகவில்லை. உள்ளே இரண்டு 4 டிபி டிஸ்க், ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா. எட்டு வருடப் படங்கள், தங்கையின் கல்யாண வீடியோ, அப்பா போன பிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்த அவருடைய நெகட்டிவ்கள் எல்லாம் அதில்தான். தனியாக பேக்கப் இல்லை. “அப்பா எடுத்த போட்டோவெல்லாம் போச்சாடா?” என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரத்தில் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அதே கம்பெனியின் புதுப் பெட்டி வாங்கி டிஸ்க்குகளை அப்படியே செருகுவது ஒன்று. டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் ஓடும் கணினியில் மாட்டுவது இன்னொன்று. டேட்டா ரெக்கவரி கடையில் கொடுப்பது மூன்றாவது. நான் லினக்ஸ் வழியைத்தான் எடுத்தேன், இனியும் அதைத்தான் எடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பெட்டி செத்தது என்று முடிவுகட்டுவதற்குள் அடாப்டரைப் பாருங்கள். மின்னலில் முதலில் அடிவாங்குவது அதுதான். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் மட்டும் போதாது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது வோல்ட் இறங்கினாலும் பெட்டி இப்படித்தான் சிமிட்டும். அதே வோல்ட், அதே முனை, அதே ஆம்பியர் அல்லது கொஞ்சம் கூடுதல் உள்ள இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் டிஸ்க்குகளை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பெட்டியில். என் பெட்டி அதற்கும் எழவில்லை.

விண்டோஸ் கணினியில் மாட்டி ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டலாமே என்று நாலு பேர் சொல்வார்கள். டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் “ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று கேட்கக்கூடும். அவசரத்தில் சரி, சரி என்று அமுக்கிவிட்டால் போயிற்று. அந்த வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

சரி, புதுப் பெட்டி. சுலபம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். பெரும்பாலான கம்பெனிகள் பழைய மாடலின் டிஸ்க்கைப் புது மாடலில் செருகினால் அடையாளம் கண்டுகொள்ளும். சிஸ்டம் இருக்கும் சின்ன பார்ட்டிஷனை மட்டும் புதுப்பித்துவிட்டு, டேட்டாவை இருந்தபடி காட்டும். யூசர், பாஸ்வேர்டு, ஷேர் எல்லாம் திரும்பி வந்துவிடும். டிஸ்க்குகளைப் பழைய வரிசையிலேயே செருக வேண்டும், “மைக்ரேட்” என்பதற்கும் “புதிதாக நிறுவு” என்பதற்கும் வித்தியாசம் பார்த்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான். டிஸ்க் இரண்டும் ஆரோக்கியமாக இருந்து, கையில் பேக்கப்பும் இருந்தால் இந்த வழியில் போங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். சில கம்பெனிகள் டிஸ்க் அமைப்பைத் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருக்கும். அதைச் சாதாரண லினக்ஸ் திறக்காது. அங்கே அதே கம்பெனிப் பெட்டியை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

ஆனால் இந்த வழி டிஸ்க்கில் எழுதுகிறது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். விலை, நேரம், வசதி எல்லாம் இதற்குப் பிறகு. செய்த வேலை தப்பாகப் போனால் நேற்று இருந்த நிலைக்குத் திரும்ப முடியுமா, முடியாதா?

என் டிஸ்க்குகளில் நடந்ததையே சொல்கிறேன். கழற்றும்போதே ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த ஸ்லாட், சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்து என்ன என்று பேனாவால் எழுதினேன். பிறகு யூஎஸ்பி டாக்கில் ஒன்றை வைத்து, பிளாக்டெவ் கட்டளையால் அதை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும், எழுத முடியாது) ஆக்கிவிட்டு, ரெய்டைக் கையாளும் எம்டிஆடம் கட்டளையில் ‘எக்ஸாமின்’ ஓட்டினேன். வீட்டு நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸின் அதே பழைய சாஃப்ட்வேர் ரெய்டுதான், அதனால் எந்த லினக்ஸும் அதைப் படிக்கும். ‘எக்ஸாமின்’ எதையும் எழுதாது, ரெய்டு பற்றி டிஸ்க்கில் இருக்கும் குறிப்பை மட்டும் வாசித்துக் காட்டும். அதில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ‘அப்டேட் டைம்’ (குறிப்பு கடைசியாக மாறிய நேரம்), ‘ஈவென்ட்ஸ்’ (மாற்றங்களின் எண்ணிக்கை, விலகிய டிஸ்க்கில் பின்தங்கியிருக்கும்).

முதல் டிஸ்க்கில் அப்டேட் டைம் இடி இடித்த அதே ராத்திரி. இரண்டாவதில் மார்ச் மாதம். ஏழு மாதமாக ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து விலகிக் கிடந்திருக்கிறது, பெட்டி ஒற்றைக்காலில் நின்றிருக்கிறது. மெயில் எச்சரிக்கையை நான் செட் செய்திருக்கவில்லை. விலகிய டிஸ்க்கைக் கேட்டால் அது இரண்டும் நலம் என்றே சொல்லும், ஏனென்றால் விலகிய பிறகு அதன் குறிப்பை யாரும் திருத்தவில்லை. அதனால் ஒரு டிஸ்க்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இரண்டையும் பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. புதிய தேதி உள்ள டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பார்த்தால் ‘பெண்டிங் செக்டர்’ எண்ணிக்கை ஏறியிருந்தது. சில இடங்கள் படிக்கவரவில்லை. அதாவது, புதிய விவரம் உள்ள டிஸ்க் நோயாளி, ஆரோக்கியமான டிஸ்க்கில் இருப்பது ஏழு மாதப் பழசு.

இந்த நிலையில் இரண்டையும் புதுப் பெட்டியில் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி “ரெய்டு பழுது, ரிப்பேர் செய்யவா?” என்று கேட்டிருக்கும். நான் சந்தோஷமாகச் சரி என்று அமுக்கியிருப்பேன். ரிப்பேர் என்றால், நோயாளி டிஸ்க்கிலிருந்து படித்து ஆரோக்கியமான டிஸ்க்கின் மேல் முதலிலிருந்து கடைசிவரை எழுதுவது. படிக்கவராத இடத்தில் ஓட்டையும் சேர்ந்து வரும், அல்லது ரிப்பேரே பாதியில் நிற்கும். எப்படியானாலும் மார்ச் மாதக் காப்பி அழிந்திருக்கும். பிறகு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

லினக்ஸ் வழியில் நான் செய்தது இது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு புது 4 டிபி டிஸ்க் வாங்கினேன், பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. நோயாளி டிஸ்க்கிலிருந்து அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேரில் குளோன் (அச்சு அசல் நகல்) எடுத்தேன். உபுண்டுவில் இந்த பாக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும், தேடும்போது குழம்ப வேண்டாம். இதன் நல்ல குணம், படிக்கவராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல பகுதியை முதலில் வாரி எடுத்துவிடும். பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எங்கே எடுத்தது, எங்கே விட்டது என்பதையெல்லாம் மேப் ஃபைலில் குறித்துவைக்கும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைல் இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் ஏறிவிடும். கட்டளையைத் தட்டும் முன் திரையில் தெரியும் சீரியல் நம்பரையும் டேப்பில் எழுதியதையும் மூன்று முறை ஒப்பிட்டேன்.

முதல் ஓட்டம் ஒரு ராத்திரியும் அரைப் பகலும். 38 எம்பி படிக்காமல் நின்றது. அடுத்த ஒன்றரை நாள் ‘ரீட்ரை’ ஓட, அது 1.4 எம்பிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அசையவில்லை. அசல் டிஸ்க்கை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். குளோனும் அசலும் ஒரே அடையாள எண்ணைச் சுமப்பவை, இரண்டையும் ஒரே நேரத்தில் கணினியில் மாட்டவே கூடாது.

பிறகு குளோனை மட்டும் வைத்து எம்டிஆடமில் ‘அசெம்பிள்’ (ரெய்டை மறுபடி எழுப்புவது), கூடவே ‘ரன்’ (ஒரு டிஸ்க் இல்லாவிட்டாலும் ஓடு), ‘ரீட்-ஒன்லி’. (‘கிரியேட்’ என்ற சொல்லை எங்கே படித்தாலும் அதைத் தட்டாதீர்கள், அது பழைய குறிப்பின் மேல் புதுக் குறிப்பை எழுதும்.) மவுண்ட் செய்யும்போதும் (உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திறக்கும்போதும்) ரீட்-ஒன்லி என்றால் மட்டும் போதாது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு) ஓட்டிச் சரிசெய்யப் பார்க்கும், அதுவும் எழுதுவதுதான். ‘நோலோட்’ சேர்த்தால் அதைத் தொடாது. ஃபோல்டர் வரிசை திரையில் வந்தது. “அப்பா நெகட்டிவ்” என்ற ஃபோல்டரைத் திறந்து, முதல் படம் முழுதாக வரும்வரை நான் மூச்சுவிட்டதாக ஞாபகம் இல்லை.

அந்த 1.4 எம்பி எந்த ஃபைல்களில் விழுந்தது? டிடிரெஸ்க்யூவில் ‘ஃபில்-மோட்’ என்று ஒன்று உண்டு. படிக்கவராத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை நிரப்பிவைக்கும், குளோனில்தான். பிறகு அந்தச் சொல்லை கிரெப் என்ற தேடும் கட்டளையில் தேடினால் பழுதான ஃபைல்களின் பட்டியல் கிடைக்கும். எனக்கு 31 ஃபைல் வந்தது. குளோனைக் கழற்றிவிட்டு, மார்ச்சில் விலகிய டிஸ்க்கை அதே ரீட்-ஒன்லி முறையில் திறந்தேன். 27 ஃபைல் அங்கே பழுதில்லாமல் இருந்தன. புதுப் பெட்டியின் ரிப்பேர் பட்டன் அழித்திருக்கக்கூடிய அதே டிஸ்க்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். என்கிரிப்ட் செய்த ஷேர் என்றால் கீ ஃபைலோ பாஸ்வேர்டோ கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்த வழியும் உதவாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் மாதிரி பவர்பிசி சிப் உள்ள பெட்டிகளில் ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் (டேட்டாவை வெட்டி வைக்கும் துண்டு) 64 கேபி. சாதாரண பிசி லினக்ஸ் அதை வெகுகாலம் நேரடியாக மவுண்ட் செய்ததில்லை, ஃபியூஸ் என்ற சாஃப்ட்வேர் வழியாகத்தான் திறக்க வேண்டியிருந்தது. நாலு டிஸ்க் ரெய்டு 5 (டேட்டா எல்லா டிஸ்க்கிலும் பரவிக்கிடக்கும் வகை) என்றால் செலவு ஏறும், நாலையும் குளோன் எடுக்க நாலு புது டிஸ்க் வேண்டும். ஒரு நண்பருக்காக ஒரே ஒருமுறை அதைச் செய்தேன். எல்லாவற்றையும் குளோன் எடுக்காமல், எழுதுவதெல்லாம் தனி ஃபைலில் போய்ச் சேரும்படி ‘ஓவர்லே’ போட்டு அசெம்பிள் செய்தோம். வேலை செய்தது, ஆனால் அவருடைய டிஸ்க் நாலும் நல்ல நிலையில் இருந்தன. ஒரு தடவை செய்ததை வைத்து நான் பெரிதாகப் பேச விரும்பவில்லை. டிஸ்க் ஒன்று திணறினால் அதையாவது முதலில் குளோன் எடுங்கள்.

குளோனுக்கு வாங்கும் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக (தடங்களை ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் டிஸ்க்) இருந்தாலும் பரவாயில்லை, நேர்வரிசையில் எழுதுவதை அது தாங்கும். அதையே பிறகு ரெய்டில் போட்டுவிடாதீர்கள், ரெய்டை மறுபடி கட்டும் ரீபில்டில் படுத்துவிடும். நாஸுக்கென்று விற்ற டிஸ்க்குகளிலேயே எஸ்எம்ஆர் கலந்திருந்தது 2020-இல் வெளியே வந்தது. வாங்கும்போது மாடல் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

ரெக்கவரி கடை பற்றிச் சொல்ல என்னிடம் குறைவுதான். ஒரு கடையில் விசாரித்தேன், டிஸ்க்கைப் பார்க்காமலே இருபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்தார்கள், அதோடு வந்துவிட்டேன். ஆனால் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடித்தாலோ, சுழலவே இல்லை என்றாலோ, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் தெரியவில்லை என்றாலோ, மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் ஹெட் தட்டைக் கீறக்கூடும். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் உதவாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் போர்டில் இருக்கும் சிப்பில் பதிவாகியிருக்கும். அந்த நிலையில் கடைதான் வழி. கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அசலில் வேலை செய்வீர்களா, குளோனிலா? டேட்டா வரவில்லை என்றாலும் பணம் கொடுக்க வேண்டுமா?

எனக்கு வராமல் போன நாலு ஃபைலும் மார்ச்சுக்குப் பிறகு எடுத்தவை. மூன்று, கோயில் திருவிழாவில் எடுத்த படங்கள். நாலாவது, சின்னவளின் பள்ளி ஆண்டு விழா வீடியோ. அவளோடு ஆடிய பெண்ணின் அம்மா தன் மொபைலில் எடுத்ததை அனுப்பிவைத்தார். அது இப்போது புதுப் பெட்டியிலும், தனியாக வைத்திருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கிலும், தங்கை வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்க்கிலும் இருக்கிறது.