ஏர் பெட்டா, வாட்டர் பெட்டா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் பராமரிக்கச் செல்லும் பயிற்சி உதவியாளர்கள் படுக்கைப்புண் (ஒரே இடத்தில் அழுத்தம் நீடிப்பதால் தோலில் வரும் புண்) வராமல் தடுக்க உதவும் ஏர் பெட் (காற்று மெத்தை), வாட்டர் பெட் (நீர் மெத்தை) ஆகிய இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். வாட்டர் பெட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் நீர் நிரப்பிய பின் அதை நகர்த்த முடியாது, உடல் அமிழ்வதால் நோயாளியைப் புரட்டுவதும் சிரமம். ஏர் பெட்டில் சிறு பம்பு காற்றறைகளை மாறி மாறி நிரப்புவதால் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைப்பதில்லை. மின்தடை நீடித்தால் அப்பயன் நின்றுவிடும் என்றாலும், என் தேர்வு இதுவே.

எந்தப் படுக்கையானாலும், சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் அழுத்தினால் வெளிறாத சிவப்பு இருக்கிறதா என்றும், கருத்த தோலில் அது எளிதில் தெரியாதென்பதால் சூடோ கடினமோ தட்டுப்படுகிறதா என்றும் பார்த்து, இருந்தால் அவ்விடத்தைத் தேய்க்காமல் உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.